கடல் சூழ்ந்த ஊரில் உளநலம்

உடலில் ஒரு நோய் வந்தால் நாம் அதனை மறைப்பதில்லை. காய்ச்சல் என்றால் அயலவர் வந்து விசாரிப்பர். கால் முறிந்தால் ஊரே கூடித் தூக்கிச் செல்லும். உள்ளத்தில் நோய் வந்தவிடத்து மாத்திரம் வாயிற்கதவு சாத்தப்படுகின்றது. அறிவுத் துறைகள் பலவும் வளர்ந்துள்ள இக்காலத்திலும் இவ்வேறுபாடு நம்மைவிட்டு நீங்கிற்றில்லை. உள்ளத்தைப் பற்றும் நோயும் நோயே; அதற்கும் மருந்துண்டு, மருத்துவருண்டு, குணமடைதலும் உண்டு. இஃது ஐயத்திற்கு இடமற்ற உண்மை. ஆயின் அம்மருந்தும் மருத்துவரும் ஒரு சிற்றூரில், அதிலும் கடலாற் சூழப்பட்ட ஒரு சிறு தீவில் வாழும் எளிய மனிதனுக்கு எவ்வளவு தொலைவில் இருக்கின்றனர்? அத்தொலைவைக் குறைப்பதற்கு யார், எதனைச் செய்தல் கூடும்? இவ்விரு வினாக்களையே இன்று நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

நயினாதீவை எடுத்துக்கொள்வோம். நாகபூசணி அம்மன் கோயிலாலும் நாகவிகாரையாலும் இலங்கை முழுவதும் அறிந்த தீவு அது. இந்துக்களும் பௌத்தர்களும் ஆண்டுதோறும் திரள்திரளாக அங்கு யாத்திரை செல்கின்றனர். நிருவாக முறையில் அது வேலணைப் பிரதேச செயலகத்தின்கீழ் மூன்று கிராம அலுவலர் பிரிவுகளாக அமைந்துள்ளது. வேலணையும் புங்குடுதீவும் கடலினூடாக இடப்பட்ட தெருக்களால் யாழ்ப்பாணத்துடன் இணைந்துள்ளன. நயினாதீவுக்கோ அத்தகைய தெரு இல்லை. அங்குள்ளவர் படகேறிப் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, பண்ணைப் பாலத்தின் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீற்றர் சென்றே யாழ்ப்பாண நகரை அடைதல் வேண்டும். அங்கே போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு உண்டு. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவர் மேலும் வடக்கே இன்னொரு பேருந்தில் ஏறவேண்டும்.

படகுப் பயணம் அரைமணி நேரத்திற்கும் குறைந்ததே. பேருந்துப் பயணமும் தாங்கமுடியாத தன்று. யாத்திரிகர் ஒருவருக்கு அஃது இன்பமான உலாவாகவும் அமையலாம். உளநோயாளி ஒருவரின் குடும்பத்துக்கு அஃது எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். கடற்றொழில் செய்யும் ஒரு குடும்பம், இருபத்திரண்டு வயது மகன், சில மாதங்களாக உறக்கமில்லை, யாரோ தன்னைப் பின்தொடர்கின்றனர் என்கின்றான், தனியே பேசுகின்றான், உணவில் நஞ்சு கலந்திருப்பதாக ஐயுறுகின்றான். இவ்வாறான நிலையை நம்மவர் உளமாயநோய் என்பர். இந்நோயின் இயல்புகளுள் ஒன்று, நோயுற்றவன் தன்னை நோயாளி என உணராமையாகும். கால் முறிந்தவன் தன்னை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்பான்; இவனோ வரமாட்டேன் என்பான். ஆகவே அவனை அழைத்துச் செல்ல ஒருவர் போதாது, இருவர் வேண்டும். படகில் அவன் எழுந்து நின்றால் என்ன செய்வது என்ற அச்சம் ஒருபுறம். படகிலுள்ள ஊரவர் அனைவரும் பார்ப்பரே என்ற கூச்சம் மறுபுறம். அன்றைய தொழில் இருவருக்கும் இல்லை. மருத்துவரைக் கண்டு, மருந்தைப் பெற்று, இறுதிப் படகு புறப்படுமுன் துறைக்குத் திரும்பவேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளித்தாற் படகே இல்லை.

இத்துணை இடர்ப்பட்டு ஒருமுறை சென்றுவந்தால் நோய் தீர்ந்துவிடுமாயின் கவலையில்லை. உளநோய்களின் மருத்துவம் அத்தகையதன்று. மனச்சோர்வுக்கு வழங்கும் மருந்துகள் தம் பயனைக் காட்டத் தொடங்குவதற்கே இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை செல்லும். நலம் கண்ட பின்னரும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் அவற்றை உட்கொள்ள வேண்டும். உளமாயநோய்க்கு உரிய மருந்தைப் பலர் ஆண்டுக்கணக்கில் தொடர்தல் வேண்டும். மருந்தினாற் குரல்கள் அடங்கி, உறக்கம் வந்து, மகன் மறுபடியும் வலை தெரியத் தொடங்கியதும், ‘நோய் மாறிவிட்டது; இனி எதற்கு இந்த அலைச்சல்?’ என்று குடும்பம் நினைப்பது இயல்பே. மருந்து நின்ற அன்றே நோய் திரும்புவதில்லை. வாரங்கள் கழிந்து, சில வேளை மாதங்கள் கழிந்து அது திரும்பும். ஆதலால் மருந்தை நிறுத்தியமையே காரணமென ஒருவருக்கும் தோன்றுவதில்லை. ‘மருந்து பயன்படவில்லை’ என்ற முடிவுக்கே வருகின்றனர். இரண்டாம் முறை நோய் மீளும்போது குணமடைதல் முன்னையினும் கடினமாகலாம்.

ஆகவே தீவில் வாழ்பவருக்கு உளமருத்துவம் எட்டாமற் போவதற்குக் காரணம் பெரிய வைத்தியசாலை ஒன்று அங்கு இல்லாமையன்று. மாதந்தோறும் தடையின்றி வந்துசேரும் தொடர்ச்சி இல்லாமையே காரணம். இப்பேச்சில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்தும் இதுவே: நோயாளி கடல் கடப்பது ஒருமுறை போதும், அதன்பின் மருத்துவமே கடல் கடந்து அவனிடம் வரவேண்டும்.

இஃது அளவுக்கு மிஞ்சிய ஆசையென்று சிலர் நினைக்கலாம். நமது நாட்டில் உளமருத்துவம் நடந்துவந்த பாதையைத் திரும்பிப் பார்ப்போர் அவ்வாறு கூறமாட்டார். இந்நாட்டின் உளநோய்ச் சட்டம் 1873 ஆம் ஆண்டிற் பிறந்தது. நோயாளியைக் காவலில் வைத்தலே அக்காலத்துச் சட்டங்களின் முதன்மை நோக்கமாக இருந்தது. 1920 களில் அங்கொடையில் எழுந்த பெருவைத்தியசாலையே நெடுங்காலம் நாடு முழுவதற்கும் புகலிடமாயிற்று. யாழ்ப்பாணத்தவருக்கு அது நாட்டின் மறுகோடி. அங்கு அனுப்பப்பட்டவர் பலர் நோய் தணிந்த பின்னரும் வீடு திரும்பவில்லை. அதனாலன்றோ ‘அங்கொடை’ என்னும் ஊர்ப்பெயர் நம் பேச்சு வழக்கில் ஓர் ஏச்சுச் சொல்லாக மாறியது! ஓர் ஊரின் பெயரைச் சொல்லி மனிதனை இழிவுபடுத்தும் வழக்கம் இன்றும் நம் பிள்ளைகளின் வாயில் வருவதைக் கேட்கின்றோம். அந்த வைத்தியசாலையோ 2008 ஆம் ஆண்டு முதல் தேசிய உளநல நிறுவகம் என்னும் பெயருடன் சிகிச்சையும் பயிற்சியும் அளிக்கும் நிலையமாக மாறிவிட்டது.

1952 ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்து மருத்துவர்கள் குளோர்புரோமசீன் என்னும் மருந்தை உளமாயநோய்க்கு வழங்கி நற்பயன் கண்டனர். உளநோயாளி வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்ற நம்பிக்கை அதன்பின்னரே உலகெங்கும் வேரூன்றியது. நமது நாட்டிலோ பெரிய மாற்றம் ஒரு பேரிடரின் பின்னர் வந்தது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, உயிர் தப்பியவர்களின் உள்ளத்துயரை ஆற்றுதற்கு மாவட்டங்களில் ஆளில்லை என்பது வெளிப்பட்டது. 2005 ஆம் ஆண்டில் அரசாங்கம் புதிய உளநலக் கொள்கையை ஏற்றது. உளநலப் பணியைக் கொழும்பை அண்டிய பெருவைத்தியசாலைகளிலிருந்து மாவட்டங்களுக்குப் பகிர்ந்தளிப்பது அதன் சாரம். உலக சுகாதார நிறுவனம் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆழிப்பேரலைக்கு முன் 10 சுகாதார மாவட்டங்களில் மட்டுமே இருந்த உளநலச் சேவை அமைப்பு, அக்காலத்தில் நாட்டிலிருந்த 27 மாவட்டங்களுள் 20 இற்குப் பரவியிருந்தது. சிறப்பு நிபுணர்கள் போதாமையால், பொது மருத்துவர்களுக்கு உளமருத்துவத்திற் பயிற்சியளித்து உளநல வைத்திய அதிகாரிகளாக நியமிக்கும் முறையும் வளர்ந்தது. அங்கொடையில் இருந்த மருத்துவம் இவ்வாறு மாவட்டத்தின் வாயில்வரை வந்துவிட்டது. எஞ்சியிருப்பது மாவட்ட நகரிலிருந்து தீவின் துறைமுகம் வரையுள்ள சிறு தொலைவே. நெடுந்தொலைவைக் கடந்து வந்த ஒன்றை இறுதிக் காதத்திலே நின்றுவிட விடுதல் தகுமோ?

கடலைப் போலவே கடத்தற்கரிய இன்னொரு தடையும் உண்டு. அது நம் எண்ணத்தில் உள்ளது. நமது மக்கள் உள்ளத்தின் நோவை உள்ளத்தின் நோவாகச் சொல்வது குறைவு. தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடல் எரிவு, வயிற்று நோவு என உடலின் மொழியிலேயே சொல்வர். அடிக்கடி பெருமூச்சு விடுவர். ‘யோசனை கூடிப்போயிற்று’ என்பர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், இப்பெருமூச்சினை நம் மக்கள் துயரை வெளியிடும் ஒரு வழியாகத் தம் ஆய்வுகளிற் குறித்துள்ளார். வெளிநோயாளர் பிரிவில் மாதந்தோறும் தலையிடி மாத்திரை வாங்கும் ஒரு தாயிடம், ‘அம்மா, இரவில் நித்திரை வருகின்றதா? வீட்டில் யார் யார் இருக்கின்றீர்கள்?’ என்ற இரண்டு வினாக்களைக் கேட்கும் வழக்கம் வந்தாற் பல நோய்கள் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மறுபுறத்தில், உளமாயநோயின் குறிகளைக் கண்டவுடன் செய்வினை என்றும், பேய்க்குணம் என்றும் முடிவுகட்டுவோர் இன்னும் உளர். நூல் கட்டுவர், கழிப்புக் கழிப்பர், ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில்களுக்கு நேர்த்தி வைப்பர். இவற்றை எள்ளி நகையாடுதல் கல்வியறிவுக்கு அடையாளமன்று. அச்சமுற்ற குடும்பத்துக்குக் கோயில் ஆறுதலளிக்கின்றது. கூடியிருந்து அழுவதற்கு ஓர் இடமளிக்கின்றது. பழைய தளர்வுப் பயிற்சிகளும் மந்திர உச்சாடனமும் சாந்தியாசனமும் பதகளிப்பைத் தணிக்க உதவுவதை நம் உளமருத்துவர்களே ஏற்று, தம் சிகிச்சையிற் சேர்த்துள்ளனர். தீங்கு எங்கே தொடங்குகின்றதெனின், வழிபாடு மருந்துக்குத் துணையாக நில்லாமல் மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது தொடங்குகின்றது.

அதன் கொடுமைக்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் ஏர்வாடி என்னும் தலம் உண்டு. அங்குள்ள தர்கா உளநோய் தீர்க்கும் என நம்பி மக்கள் நோயாளிகளைக் கொண்டுசென்றனர். அவர்களை வைத்திருக்கத் தனியார் விடுதிகள் பல தோன்றின. 2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6 ஆம் நாள் அவ்விடுதிகளுள் ஒன்றிலே தீப்பற்றியது. நோயாளிகள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர், ஓட முடியவில்லை, 28 பேர் மாண்டனர். அவர்களைச் சங்கிலியிற் சேர்த்த குடும்பங்கள் கொடியவை அல்ல. அருகில் வேறு வழி இல்லாதவையாகவும், இருப்பதை அறியாதவையாகவும் இருந்தவை அவற்றுட் பல. அந்நிகழ்ச்சியின் பின் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பின்னாளில் அதே ஏர்வாடியில் தர்காவின் வழிபாட்டை விலக்காமல் அதன் அருகிலேயே உளமருத்துவச் சிகிச்சையை வழங்கும் திட்டம் ஏற்பட்டது. தொழுகையும் மருந்தும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று. இந்துக் கோயிலும் பௌத்த விகாரையும் ஒரே கரையில் நிற்கும் நயினாதீவில் இவ்வுண்மையை உணர்த்துதல் கடினமாகாது. பூசகரோ பிக்குவோ ‘வழிபாட்டை விடாதே, மருந்தையும் விடாதே’ என்று ஒரு சொற் சொல்வாராயின், அச்சொல் மருத்துவரின் பத்துச் சொற்களுக்கு நிகராகும்.

தீவக மக்களின் உள்ளச்சுமை பிற கிராமத்தவரின் சுமையினும் சிறிது வேறுபட்டதென்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும். படகுதான் அவர்களுக்குத் தெரு. அந்தத் தெருவிலேயே 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணஞ்செய்த பலர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். 1990 ஆம் ஆண்டின் போர் நடவடிக்கைகளின்போது தீவகத்திலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பின்னர் ஒரு பகுதியினரே மீண்டனர். போரிற் காணாமற்போனவர்களுக்காக இன்றும் காத்திருக்கும் வீடுகள் வடபகுதியெங்கும் உள்ளன. இறந்தவருக்கு ஈமக்கடன் செய்து அழுது ஆறலாம். காணாமற்போனவருக்கு அழவும் இயலாது, ஆறவும் இயலாது. இத்தகைய துயரினால் உள்ளத்தில் ஆறாது நிற்கும் காயத்திற்கு மனவடு எனப் பெயரிட்டனர் நம் அறிஞர்.

போரின் பின் எஞ்சியது முதியோரின் தனிமை. தீவக மக்கள் நெடுங்காலமாகவே வணிகத்துக்கும் உத்தியோகத்துக்கும் வெளியூர் சென்றவர்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் வாழ்கின்றனர். பணம் வருகின்றது, தொலைபேசியில் முகமும் தெரிகின்றது. மாலையில் விளக்கேற்றிய பின் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ‘அவருக்கு என்ன குறை, பிள்ளைகள் அனுப்புகின்றார்களே’ என்று அயலவர் சொல்வர். முதியவரின் மனச்சோர்வு பெரும்பாலும் இவ்வாறே முதுமையின் பெயரால் மூடப்படுகின்றது. உணவில் விருப்பின்மை, விடியற்காலையில் விழிப்பு, எதிலும் ஈடுபாடின்மை, ‘நான் இருந்தென்ன’ என்ற பேச்சு ஆகியன முதுமையின் இயல்புகள் அல்ல. அவை மருந்தாலும் துணையாலும் மாற்றக்கூடிய நோயின் குறிகள்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவத் தீவு நயினாதீவே என்பது அறிஞர் சிலர் கொள்கை. அக்காப்பியத்து ஆபுத்திரன் கதையை நேயர்கள் அறிவர். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. காற்றின் காரணமாகக் கப்பல் மணிபல்லவத்தில் தங்கியபோது அவன் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்றெண்ணிக் கப்பல் சென்றுவிட்டது. ஆளில்லாத தீவிலே அமுதசுரபியை வைத்துக்கொண்டு அவன் யாருக்கு உணவிடுவான்? பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தான். பின்னர் அதே பாத்திரத்தைப் பெற்ற மணிமேகலை, பசித்தவர் தீவுக்கு வரட்டும் என்று அங்கு அமர்ந்திருக்கவில்லை. அதனை எடுத்துக்கொண்டு புகார் நகரத்துப் பசித்தோரிடம் சென்றாள். நகரத்து வைத்தியசாலையிற் சிறந்த மருந்து நிறைந்திருந்தாலும், வேண்டியவரின் கைக்கு அது சென்று சேராவிடில் ஆபுத்திரன் கையிலிருந்த அமுதசுரபியாகவே முடியும்.

அவ்வாறு சென்று சேரும் வழிகள் யாவை? முதலாவது, தீவிலுள்ள அரசாங்க வைத்தியசாலை. உளநல வைத்திய அதிகாரி ஒருவர் மாதத்திற் குறித்த ஒரு நாளில் அங்கு வருதல். அவர் எழுதிய மருந்தை அவ்வைத்தியசாலையே ஏனைய நாட்களில் வழங்குதல். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. உளமாயநோய்க்கு இரண்டு வாரம் முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடப்படும் ஊசிமருந்து உண்டு. மருத்துவரின் பணிப்பின்படி தாதி ஒருவர் அதனை இடலாம். ஊசி இடவேண்டிய நாளில் நோயாளி வராவிடின் மறுநாளே அது தெரிந்துவிடும். ஒருவர் அவர் வீட்டுக்குச் சென்று விசாரிக்கலாம். மாரிகாலத்திற் படகு நிற்கும் நாட்களை எண்ணி ஐப்பசி பிறக்குமுன் மருந்தை மிகுதியாகச் சேமித்தல் வேண்டும். அரிசியும் மண்ணெண்ணெயும் அவ்வாறு சேமித்துப் பழகிய தீவுக்கு இது புதிய பாடமன்று.

தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010 ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு முயற்சி இங்கு நினைக்கத்தக்கது. மருத்துவர் சாரதா மேனன் முதலியோர் 1984 இற் சென்னையில் நிறுவிய ஸ்கார்ப் என்னும் உளநோய் ஆராய்ச்சி நிறுவனம், பேருந்து ஒன்றினுள்ளே திரையும் மருந்தகமும் அமைத்துக் கிராமந்தோறும் அனுப்பியது. நோயாளி பேருந்தில் ஏறித் திரையின் வாயிலாகச் சென்னையிலுள்ள மருத்துவருடன் பேசுவார். அவர் எழுதிய மருந்தை அப்பேருந்திலேயே பெற்றுச் செல்வார். பேருந்து செல்லும் ஊருக்குப் பேருந்து சென்றது. படகு செல்லும் ஊருக்குப் படகு செல்லட்டும். கடல் கொந்தளிக்கும் மாதத்தில் மருத்துவர் வரவியலாவிடினும், தாதி அருகிலிருக்கத் தொலைபேசித் திரையின் வழியாக நோயாளியைக் காண இன்று தடையில்லை.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. சிறு தீவில் எல்லோரையும் எல்லோரும் அறிவர். உளநோயாளருக்கெனத் தனிநாள் ஒன்றை அறிவித்தால், அன்று வைத்தியசாலைப் படியேறுபவர் அனைவரும் ஊர்வாயில் விழுவர். இரண்டாம் மாதம் ஒருவரும் வரமாட்டார். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வழங்கும் கிளினிக் நாளிலேயே உளநோய்க்கும் மருந்து வழங்கினால், யார் எதற்காக வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. மறைவைக் காத்தலும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

இரண்டாவது வழி, கண்டறிவோரைப் பயிற்றுதல். குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொரு தாயின் வீட்டுக்கும் செல்கின்றார். மகப்பேற்றின் பின் தாய் குழந்தையைப் பார்க்க விரும்பாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அதை முதலிற் காண்பவர் அவரே. கிராம அலுவலரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் அறிவர். ஆசிரியர் காண்பது இன்னும் நுட்பமானது. வீட்டில் ஒருவரின் உள்ளம் நோயுற்றால் அதன் முதற் குறி பிள்ளையிடத்தே தோன்றும்: தலைவாராமல் வருதல், உணவு கொண்டுவராமை, திங்கட்கிழமைதோறும் வராமை, வகுப்பில் உறங்குதல். இவற்றுக்குத் தண்டனை மருந்தாகாது. ‘வீட்டில் யாருக்கும் சுகமில்லையோ பிள்ளை?’ என்று தனியே அழைத்துக் கேட்கும் ஆசிரியர், ஒரு குடும்பத்தையே வைத்தியசாலைக்கு வழிகாட்டக்கூடும். யாழ்ப்பாணத்தில் 1987 ஆம் ஆண்டு தொடங்கிய சாந்திகம் என்னும் உளவளத்துணை நிலையமும், பேராசிரியர் சோமசுந்தரம், உளமருத்துவ நிபுணர் சிவயோகன் முதலியோரும், போர் நடந்த காலத்திலேயே ஆசிரியருக்கும் சமூகப் பணியாளருக்கும் இத்தகைய பயிற்சிகளை அளித்தனர். தமிழிலேயே கைந்நூல்களும் எழுந்தன. அவ்விதை நம் மண்ணில் முளைத்தது. அதனைத் தீவுகளிலும் நட்டு வளர்த்தல் நம் கடன்.

மூன்றாவது, செவிகொடுத்துக் கேட்டல். ஆபிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில் உளமருத்துவர் மிகச் சிலரே. அங்கு 2006 ஆம் ஆண்டில் டிக்சன் சிபாண்டா என்னும் உளமருத்துவர், தலைநகர் ஹராரேயின் ஒரு பகுதியில் வாழ்ந்த 14 பாட்டிமாருக்குப் பயிற்சியளித்தார். மருத்துவ நிலையத்தின் வெளியே மரத்தடியில் ஒரு வாங்கு; அதிற் பாட்டி ஒருவர்; அவர் அருகிலமர்ந்து துயருற்றவர் தம் கதையைச் சொல்வார். பாட்டி அறிவுரையை அள்ளி வீசுவதில்லை. துன்பங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதனைத் தீர்க்கும் ஒரு சிறு வழியை அவரே காணும்படி துணைநிற்பார். அந்நாட்டு மக்களும் தம் மனச்சோர்வை ‘மிகையான யோசனை’ என்று பொருள்படும் சொல்லாலேயே குறிப்பர் என்பது நமக்கு வியப்பளிக்கும். இம்முறையினால் ஆறு மாதங்களில் துயர் பெரிதும் குறைந்தமை 2016 ஆம் ஆண்டு வெளியான ஆய்வினால் உறுதிப்பட்டது. நம் தீவுகளில் திண்ணையுண்டு, கோயில் மடமுண்டு, வாசிகசாலையுண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அநுபவம் வாய்ந்த தாய்மாரும் உளர். வேண்டுவது பயிற்சியும், கேட்டதை வெளியிற் சொல்லாத நாவடக்கமுமே.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியும் ஒரு சொல். 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் ஆண்டொன்றில் தற்கொலையால் இறந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அவ்விகிதம் மூன்றில் ஒன்றளவுக்கு இறங்கியது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாகக் கருதிய சட்டமும் 1998 இல் நீக்கப்பட்டது. ஆதலின் பொலிசுக்கு அஞ்சி எவரும் மறைக்க வேண்டியதில்லை. ‘சாக வேண்டும்போல் இருக்கின்றதா?’ என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே ஊட்டியதாகும் என்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறு. அன்புடன் நேராகக் கேட்பது சுமையை இறக்குகின்றது. அவ்வாறு கேட்டு, தனியே விடாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணுக்குத் தீவிலிருந்தும் பேசலாம். அதற்குப் படகு வேண்டியதில்லை.

இறுதியாக, குணமடைந்தவனை ஊர் ஏற்றுக்கொள்ளுதல். மருந்து நோயைத் தணிக்கும். மனிதனை மனிதனாக நிறுத்துவது தொழிலும் மதிப்புமே. அவனை மறுபடியும் வள்ளத்தில் ஏற்றுங்கள். கடையிற் கணக்கெழுதச் சொல்லுங்கள். திருமண வீட்டுக்கு அழையுங்கள். ‘முன்னர் இப்படி இருந்தவன்’ என்ற பேச்சை விடுங்கள். அவனுடைய தங்கையின் கலியாணப் பேச்சு அந்த ஒரு சொல்லாலே குழம்புவதை நாம் அறிவோம். அச்சத்தினாலேயே குடும்பங்கள் நோயை ஒளிக்கின்றன; ஒளிப்பதனாலேயே நோய் முற்றுகின்றது. ஊரின் நாவு திருந்தினால் நோயின் பாதி திருந்தும்.

ஆனித் திங்களில் நாகபூசணி அம்மன் மகோற்சவத்தின்போது நயினாதீவைக் கண்டவர்கள் அதன் ஆற்றலை அறிவர். நாள்தோறும் ஆயிரக்கணக்கான அடியார்களைப் படகுகள் ஏற்றி இறக்குகின்றன. தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. அன்னதானம் குறைவின்றி நடக்கின்றது. தொண்டர்கள் இரவு பகலாக நிற்கின்றனர். அத்தனை பேரை ஒழுங்காகக் கடல் கடத்தும் ஊருக்கு, மாதம் ஒருமுறை ஒரு மருத்துவரையும் ஒரு மருந்துப் பெட்டியையும் கடல் கடத்துதல் அரிதாகுமோ? சுகாதாரப் பகுதியினரிடம் ஒழுங்காகக் கேட்பதும், வருபவருக்குப் படகும் உணவும் ஏற்பாடு செய்வதும், வராத நோயாளியின் வீட்டுக்கு ஒருவரை அனுப்புவதும் சன சமூக நிலையமும் ஆலய சபையும் ஏற்கக்கூடிய பணிகளே. நயினாதீவுக்குப் பொருந்துவது அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பொருந்தும். கடலில்லாது காடும் மலையும் சூழ்ந்த ஊர்களுக்கும் பொருந்தும். இன்று உங்கள் அயலில் கதவு சாத்தியிருக்கும் வீடு ஒன்று இருக்குமாயின், அதன் படலையைத் தட்டிச் சுகம் விசாரியுங்கள். அவ்வீட்டுக்கு மருத்துவம் வந்துசேரும் வழி அங்கிருந்தே தொடங்கும்.